மாடிப்படிச் சுவரில் நீலச் சக்கரம்

ரோலர் கண்ணைத் திறந்தபோது அவர் வயிற்றின் மேல் ஒரு ரப்பர் வாத்து உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தார். வாத்தின் அடியில் நீலச் சாயம். குனிந்து பார்த்தார். பனியன் முழுக்க நீல வட்டம்.

சாலை போடுகிற இடத்தில் ரோடு ரோலர் ஓட்டுகிறவர். அதனால் ஊருக்கே அவர் ரோலர்தான். வாரமெல்லாம் தார்ச் சூட்டில் வெந்த உடம்பு, விடுமுறை என்றால் கட்டை மாதிரிச் சாய்ந்துவிடும். அது தெரிந்துதான் மனைவி வேலைக்குக் கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னாள்.

"தட்டுல சாயம் கரைச்சு வெச்சிருக்கேன். பொம்மைக் கார் சக்கரத்தை முக்கி அட்டையில உருட்டச் சொல்லுங்க. வாத்தை முக்கி அச்சு வெக்கச் சொல்லுங்க. கதவு சாத்தியே இருக்கட்டும். தூங்கிடாதீங்க."

"நான் எங்கடி தூங்கப்போறேன்?"

தூங்கிவிட்டார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

பக்கத்தில் அவர் மகள் குட்டி, நான்கு வயது, மும்முரமாக வாத்து அச்சு வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் வாத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே இடம் தீர்ந்துபோய்த்தான் அப்பாவின் வயிற்றுக்கு வந்திருக்கிறாள்.

"கார் எங்கடி?"

குட்டி வாசலைக் காட்டினாள்.

எட்டிப் பார்த்தார். மாடிப்படிச் சுவரில், அடியிலிருந்து உச்சி வரைக்கும், இரட்டைக் கோடாக நீலச் சக்கரத் தடம்.

போன வாரம்தான் மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அந்தச் சுவருக்குச் சந்தன நிறம் அடித்திருந்தார். அடித்த கையோடு கீழே இறங்கி வந்து, "ஒரு கீறல் விழட்டும், அன்னைக்கே காலி பண்ணிடணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். குழந்தை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பல வாசலில் விரட்டப்பட்டு, அலைந்து அலைந்து கிடைத்த வீடு.

ரோலர் தடத்தை உற்றுப் பார்த்தார். புதுத் தாரில் எவன் வண்டியை விட்டாலும், தடத்தை வைத்தே ஓட்டினவன் ஜாதகத்தைச் சொல்கிறவர் அவர்.

"இங்க ஒடிச்சிருக்கா. இங்க ரிவர்ஸ். இங்க ஒரு சுத்து... அடேயப்பா, என் தலைக்கு மேலயே போயிருக்காளே! ஸ்டூல் போட்டு ஏறினியாடி?"

"நான் இல்லப்பா..."

"வாயைத் திறக்காத! முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள பொய்யா?"

ஈரத் துணியை எடுத்துத் துடைத்தார். நீலக் கோடு நீல மேகமாயிற்று.

மேகத்தை மறைக்க முகப் பவுடரை அள்ளி அப்பினார். மேகம் சேறாயிற்று.

சேற்றைத் துணி பிரஷ்ஷால் தேய்த்தார். சேறு போயிற்று. கூடவே சந்தன நிறமும் போயிற்று. உள்ளேயிருந்து பழைய பச்சை பல்லை இளித்தது.

"அப்பா, பச்சை நல்லாருக்கு" என்றாள் குட்டி.

"உன்னைக் கேட்டேனா?"

ஒரு காலண்டரை மாட்டினால் கொஞ்சமாவது மறையும். ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓர் அடிதான் அடித்தார். ஆணி அப்படியே கையில் இருந்தது. சுவர்தான் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து படியில் விழுந்தது.

மேலே கதவு திறந்தது. ஹவுஸ் ஓனர்.

ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, நாலு படி இறங்கி நின்று, சுவரைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"சார், குழந்தை சார்... அசந்து தூங்கிட்டேன் சார். காலி பண்ண மட்டும் சொல்லிடாதீங்க!"

ஓனர் தொண்டையைச் செருமினார்.

"பரவால்ல, விடுப்பா."

ரோலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. படியில் செருப்புத் தடம் பட்டதற்கே நாளெல்லாம் கத்திய மனிதர்!

"சார்?"

"குழந்தைன்னா கிறுக்கத்தான் செய்யும். காலியாவது ஒண்ணாவது. போய்ப் படுத்துத் தூங்கு."

"தெய்வம் சார் நீங்க!" ரோலருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போயிருந்த ஓனரம்மா காய்ப் பையோடு கீழ்ப்படியில் கால் வைத்தாள். பை நழுவியது. வெங்காயம் நாலா பக்கமும் ஓடியது.

"ஐயோ, என் சுவரு! நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கலரு! எந்தப் பாவி பண்ணது?"

"கீழ் வீட்டுக் குழந்தைம்மா" என்றார் ஓனர் அவசரமாக. "நான் மன்னிச்சுட்டேன். நீ மேல வா."

"நீங்க யாரு மன்னிக்க? குழந்தை இருக்கிறவங்க வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா? இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க!"

ரோலருக்கு உலகமே இருண்டது. ஓனர் பின்னாலேயே ஒரு படி ஏறினார். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

குட்டி வாத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். ஓனரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, நீங்களே எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க? காரைக் குடுங்க, இப்ப என் முறை."