டர்போக்காரர் வண்டி விற்கிறார்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரை அடையாளம் கண்டுகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டாம். பேன்ட்டின் முழங்காலைப் பாருங்கள். மண் ஒட்டியிருக்கும். காலையில் தேய்த்த சட்டையோடு வேலைக்குக் கிளம்புகிற மனுஷன், கார் நின்ற இடத்தில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து, ராத்திரி எங்கேயாவது ஒரு சொட்டு ஆயில் விழுந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். சொட்டு விழுந்திருந்தால் கவலை. விழாவிட்டால் அதைவிடக் கவலை. உள்ளே ஆயிலே இல்லையோ?

இவர்தான் டர்போக்காரர். பார்வைக்கு நான்கு கதவு வைத்த குடும்பக் கார், உள்ளே வேகத்துக்காக டர்போ பூட்டிய பந்தயக் காரின் நெஞ்சு. அப்படிப்பட்ட ஒன்றைப் பழசாக வாங்கியவர். வாங்கிய அன்றைக்கு வீட்டில் அவர் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்.

"முந்தி வச்சிருந்தவரு ஒரு கண் டாக்டர். பூ மாதிரி ஓட்டியிருக்காரு."

எல்லாப் பழைய காரையும் ஒரு கண் டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். அப்படியென்றால் இந்த ஊரில் கண்ணுக்கு வைத்தியம் பார்த்தது யார்?

நம் கதையில் வருகிற டர்போக்காரர் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். அவர் கார் மணிக்கு இருநூற்று முப்பது கிலோமீட்டர் போகும். அவர் நாற்பதில் போவார். தண்ணீர் லாரி முந்தும், பள்ளிக்கூட வேன் முந்தும், முதுகில் பை மாட்டிய சைக்கிள்காரர் ஒருவர் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். டர்போக்காரர் புன்னகை செய்வார். "மிதிச்சா பறக்கும். ஆனா எதுக்கு மிதிக்கணும்?" பழுது என்ற சொல் அவர் வாயில் வராது. நடுரோட்டில் நின்றுபோனால், "கொஞ்சம் சென்சிட்டிவ்" என்பார். பெற்ற பிள்ளை காய்ச்சலில் படுத்தபோது நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தவர், காரின் சூட்டை மட்டும் இரண்டு கருவிகளால் அளந்தார்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஆகவே அவள் ஆறு மணிக்கே மடியில் சாப்பாட்டுப் பையோடு காரில் ஏறி உட்கார்ந்திருப்பாள். என்ஜின் சூடாக ஐந்து நிமிடம். ஏதோ விளக்கு எரிகிறதே என்று யோசிக்க ஐந்து நிமிடம். சில நாள் அதற்குப் பிறகு கிளம்பும். சில நாள் அவர் மெக்கானிக்குக்குப் போன் போடுவார். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று தடவை தாமதமான பிறகு மேற்பார்வைக்கார அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "உன் கை சுத்தம், வேலை சுத்தம். ஆனா படுத்துக் கெடக்கற நோயாளி உன் வீட்டுக்காரர் காரு சூடாகுற வரைக்கும் பசியோட இருப்பாங்களாம்மா? இன்னொரு தடவை லேட்டா வந்தா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

அன்று சாயங்காலம் அவள் அதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் இரண்டு நாள் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், தன் காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்கிற நோயாளி மாதிரி, "சரி, வித்துடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாங்குவதற்கு ஒரு ஆள், மனைவியோடு வந்தான். இளைஞன். டர்போக்காரரின் மனைவி அடுப்படியிலிருந்து கணவரைக் கூப்பிட்டு, "வாயத் தொறக்காதீங்க. அவரு கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள்.

அவரால் முடியுமா? தலையணை கனத்துக்கு ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு போனார்.

"டர்போ புதுசு தம்பி! ரெண்டு தடவை மாத்தியிருக்கேன்!"

"ரெண்டு தடவையா!"

"தண்ணி பம்ப் ஒண்ணு, ரேடியேட்டர் குழாய் மூணு, கிளட்ச் போன மாசம்தான். பாரு, ரசீது. நாலு கடைல இல்லன்னு சொன்ன பாகம் இது. எப்படி வரவழைச்சேன்னு கேளு."

அடுப்படிச் சன்னலில் நின்றவள் அடுப்பை அணைத்தாள். தீர்ந்தது. இனி எவன் வாங்குவான்? திங்கட்கிழமை வேலை போகும்.

ஆனால் அந்த இளைஞன் ஓடவில்லை. ஒவ்வொரு ரசீதுக்கும் அவன் முகம் மலர்ந்தது. "எப்படிண்ணே வரவழைச்சீங்க?" என்றான். பிறகு போட்டிருந்த நல்ல பேன்ட்டோடு மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்தான்.

அவன் மனைவி மெல்ல அடுப்படிப் பக்கம் வந்தாள்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. வண்டி எப்படி?"

இதைத்தான் டர்போக்காரரின் மனைவி எதிர்பார்க்கவில்லை. பொய் சொன்னால் தன் வேலை நிலைக்கும். நிஜம் சொன்னால் இந்தப் பெண் பிழைப்பாள்.

"காலைல நீ வேலைக்குப் போறியாம்மா?"

"பள்ளிக்கூடத்துல டீச்சர்க்கா. எட்டு மணிக்கு."

"பஸ் நேரத்தத் தெரிஞ்சு வச்சுக்கம்மா."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்துக் காட்டினாள். மாதாந்திர பஸ் பாஸ். "இது எங்களுக்கு மூணாவது வண்டிக்கா. முதல் வண்டியிலயே பாஸ் எடுத்துட்டேன்."

வியாபாரம் முடிந்தது. சாவி கைமாறியது. டர்போக்காரர் காரின் கூரையை ஒரு தடவை தடவிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கார் நகரப் போன நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

"தம்பி, நில்லுங்க!"

ஓடி வந்தது யார் என்கிறீர்கள்? டர்போக்காரரின் மனைவிதான். "நான் உக்கார்ற பக்கத்துக் கண்ணாடி மழ பேஞ்சா கடைசி ஒரு விரல்கடை ஏறாது. பட்டனையே அழுத்திட்டு இருக்காதீங்க, மோட்டார் போயிடும். உள்ளங்கைய வச்சு லேசா மேல தள்ளுங்க. தானா ஏறிக்கும். அதட்டினா ஏறாது."

டர்போக்காரர் வாயைப் பிளந்தார். "இது எனக்கே தெரியாதே!"

"உங்ககிட்ட சொன்னா கழட்டிப் போட்டுருவீங்க" என்றாள்.

மூன்று நாள் காலையில் ஆட்டோவுக்குக் காசு அழுதார்கள். புதன்கிழமை ஒரு சாதாரணக் கார் வந்தது. சாவியைத் திருப்பினால் கிளம்புகிற கார். வியாழக்கிழமை ஆறு இருபதுக்கே அவள் சமையற்கூடத்தில் இருந்தாள். அன்று மதியம் மழை பெய்தது. கையில் கரண்டியோடு கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் இதுவரை நன்றாகச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி குளிர்சாதனப் பெட்டியை மூடப் போனபோது பாதியில் தடுத்து, "அப்படி இல்ல, கதவ லேசாத் தூக்கி மூடணும், அது அப்படித்தான்" என்று சொன்னீர்களே, அப்போது உங்கள் குரலில் இருந்தது வெட்கமா, பெருமையா?