புதன்கிழமைக் குப்பைத்தொட்டி

அன்புள்ள ஹிலரி அக்காவுக்கு,

ஹாலிஃபாக்ஸிலிருந்து டெஸ்மண்ட். இங்கே மழை. அங்கேயும் மழை என்று வானொலி சொன்னது. ஆகவே இருவரும் நலம்.

போனில் கேட்டாய்: "ஏண்டா, தெருவையே ரெண்டு பண்றியாமே?" விளக்குகிறேன். குப்பை வண்டி வருவது வெள்ளிக்கிழமை. நான் தொட்டியைப் புதன்கிழமையே வெளியே வைத்துவிட்டேன். மறதி. அடுத்த வீட்டு ஆக்டன் அம்மாள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, உறையில் போட்டு ஒட்டிய கடிதத்தை என் கதவின் தபால் இடுக்கில் தள்ளினார்: 'தொந்தரவுக்கு மன்னிக்கவும். மிகச் சின்ன விஷயம்.' மறு புதனும் மறதி. அன்று காற்று வேறு. தொட்டிக்குச் சக்கரம், தெருவுக்குச் சரிவு. உருண்டுபோய் பப் வாசலில் நின்றது. பப் நடத்தும் பாரக்ளோ, "யோவ் டெஸ்மண்ட், உனக்கு முன்னாடியே உன் குப்பை குடிக்க வந்துருச்சு. ஒரே ரகளை" என்றார். துரத்தியதில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண், "இந்த வயசுல ஓட்டமா? எங்களுக்கு வேலை வைக்கணும்னே கிளம்பி வரீங்களா, கண்ணு?" என்றாள். நகராட்சி எழுதியது: 'பொதுவழிக்கு இடையூறு.' ஆக்டன் அம்மாளின் அடுத்த கடிதம்: 'எனக்குச் சற்று வியப்பாக இருந்தது.' அக்கா, நம் ஊரில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது.

ஒரே மாதத்தில் இத்தனை பேர். என் ஜாய்ஸ் இறந்தபின் யாரும் என்னைத் திட்டியதில்லை. நாற்பத்தொரு வருஷம், காலையில் தேநீரை என் முன்னால் வைக்கும்போதெல்லாம் "நீ ஒரு பெரிய இம்சைய்யா" என்பாள். அதற்கப்புறம்தான் நாள் தொடங்கும்.

நீ சொன்னபடி திருந்திவிட்டேன். மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி, கைப்பிடி வீட்டுப் பக்கம் பார்த்தபடி. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கதவிடுக்கில் விழுவது பீட்சா விளம்பரம்தான். அதையும் முழுசாப் படிக்கிறேன் அக்கா, பின்பக்கம்கூட.

நீ மெனக்கெட்டு வர வேண்டாம். இனி என்னால் யாருக்கும் சிரமம் இராது. அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்கால் தேவலையாகட்டும்.

உன் தம்பி,
டெஸ்மண்ட்

பி.கு.: இன்று புதன். தொட்டி ஆக்டன் அம்மாளின் வாசலுக்கு நேராக நிற்கிறது. உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறேன். கடிதம் போடும் இடுக்கை உள்ளேயிருந்து டேப் போட்டு ஒட்டிவிட்டேன். அவர் வந்து கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அவர் வீட்டுத் திரை இப்போதுதான் அசைந்தது. இரண்டு கோப்பை கழுவி வைத்திருக்கிறேன்.