சாம்பல் டாக்டருக்குப் பொன்னாடை

தண்ணீரை நம்பலாம், கல்லை நம்பலாம். பொடியை மட்டும் நம்பவே கூடாது. தண்ணீர் ஓடும், கல் கிடக்கும். பொடிக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஓடச் சொன்னால் கல்லாக நிற்கும். நிற்கச் சொன்னால் தண்ணீராகப் பாயும். இந்த ஞானம் எனக்குப் படித்து வரவில்லை. வாய், மூக்கு, காது வழியாக நேராக உள்ளே போனது.

நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, குறிஞ்சிப்பாடி போகிற வழியில் ஒரு தனியார் சாம்பல் கிடங்கு இருந்தது. பழுப்பு நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைக் கொண்டுவந்து, மூன்று மாடி உயர இரும்பு சைலோவில் கொட்டி வைப்பார்கள். சிமெண்ட் கம்பெனி லாரி வந்தால் அடியிலிருந்து திறந்துவிட வேண்டும். சைலோவின் அடிப்பாகம் புனல் மாதிரிக் குறுகும். அதுதான் ஹாப்பர். நான் அந்த ஹாப்பரடியில் நின்ற கான்ட்ராக்ட் ஆள்.

எங்கள் ஊரில் ஒருவனிடம் பேர் கேட்பதற்கு முன்னாலேயே ‘பர்மனென்டா, கான்ட்ராக்டா?’ என்று கேட்பார்கள். என் மாமனாரும் கேட்டார். “ஆயிடுவேன் மாமா” என்று சொல்லித்தான் கலாவைக் கட்டினேன். கல்யாணமாகி மகள் பிறந்து அவள் தவழவும் ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் ‘ஆயிடுவேன்’ என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் கிடங்கில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது. டாக்டர். சாம்பல் குளிர்ந்தாலோ, ஈரம் குடித்தாலோ ஹாப்பருக்குள் இறுகிக்கொள்ளும். அடியிலிருந்து காற்று ஊதிவிட புளோயர் என்று ஒரு இயந்திரம் உண்டு. அது பாதி நாள் ரிப்பேர். அப்போது நான் சம்மட்டியால் ஹாப்பரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அடைப்பு எங்கே என்று சொல்வேன். ‘டங்’ என்றால் காலி, ‘தொப்’ என்றால் சரக்கு. (இதற்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி கழுத்தில் துண்டு வேறு போட்டுக்கொள்வேன். வெட்கங்கெட்டவன்.) நான் தட்டத் தட்ட உள்ளே சாம்பல் இன்னும் நன்றாக இறுகியது. ஒவ்வொரு அடிக்கும் தகட்டில் ஒரு பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்திலும் சாம்பல் போய் உட்கார்ந்துகொண்டது. நோயை வளர்த்த டாக்டர் நான்தான்.

அந்த வருஷம் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். பாதுகாப்பின் மேல் பாசம் ஒன்றும் இல்லை. சிமெண்ட் கம்பெனி அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம் தருவார், அவ்வளவுதான். வாசகப் போட்டி வைத்தார்கள். நான் எழுதினேன்: ‘நின்று யோசி, உனக்காகக் காத்திருப்போரை நேசி.’ யோசி, நேசி. அதற்கு மேல் அதில் சரக்கு இல்லை. ஆனாலும் முதல் பரிசு. பரிசு வாங்குகிறவனை அந்த மாதமே பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். கலா மாமனாருக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள்.

விழா அன்று காலை புளோயர் ஓடவில்லை. முந்தின நாள் மழை. அதிகாரி வந்து பார்க்கிறபோது லாரியில் சாம்பல் விழுந்துகொண்டிருக்க வேண்டும். விழவில்லை. சூப்பர்வைசர் தனபால் புதுச் சட்டையோடு ஓடிவந்தார்.

“டாக்டரே, நாலு போடு போடுய்யா! அந்தாளு கார் வடலூர் தாண்டிடுச்சாம்!”

போட்டேன். கூட வேலை பார்த்த ஏழுமலை வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டான்: “மச்சான், அது என்னா உன் மாமனாரா? இந்தப் போடு போடற?”

ஹாப்பரின் அடியில் ‘டங்’ என்றது. “கீழ காலி, மேல லேசா நிக்குது” என்று டாக்டர் தீர்ப்பு சொன்னேன். பாதி சரி. கீழே காலிதான். மேலே லேசாக நிற்கவில்லை. சைலோவில் இருந்த சாம்பல் அத்தனையும் ஒரு வளைவு கட்டிக்கொண்டு, பாலம் மாதிரி என் தலைக்கு மேல் நின்றது. ஹாப்பரின் அடிக்கதவைத் திறக்கப் பெரியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்து, நீளக் கம்பியை உள்ளே விட்டு மேல்நோக்கிக் குத்தினேன். நிற்கவில்லை, யோசிக்கவில்லை.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி சாம்பல் பாய்ந்தது. என்னைக் கொண்டுபோய்க் கைப்பிடிக் கம்பியோடு சாத்தியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறிக்கொண்டே வந்து நின்றது. நின்ற உடனே கல்லானது. மூச்சை வெளியே விட்டேன். விட்ட இடத்தைச் சாம்பல் எடுத்துக்கொண்டது. திரும்ப இழுக்க இடமில்லை. இதை நகைச்சுவையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. கலாவை நினைத்தேன், குழந்தையை நினைத்தேன் என்றெல்லாம் சொன்னால் பொய். ‘காற்று’ என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஏழுமலை டிபன் பாக்ஸ் மூடியாலும் கையாலும் தோண்டி, பெல்ட்டைப் பிடித்து இழுத்து என்னை வெளியே போட்டான். இடது பூட்ஸ் வரவில்லை. (அது இப்போது சாம்பலோடு சிமெண்டாகி ஏதோ ஒரு புண்ணியவான் வீட்டுச் சுவரில் இருக்கும்.)

“சார், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க! கண்ணு சொருவிக்கினு போவுது!”

“இன்னிக்கா? பந்தல் போட்டு வச்சிருக்குதுய்யா! போர்டைப் பாரு!” என்றார் தனபால். வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு போர்டு. பக்கத்தில் சாக்பீஸில் அன்றைய எண். அதற்கு மாலை வேறு போட்டிருந்தார்கள்.

பிறகு அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கொஞ்சும் குரலில் பேசினார். “தம்பி, மேல ஏறி ஒரு கும்பிடு போட்டு வாங்கிக்க. உன் பேரு பர்மனென்ட் ஆவும். அப்பறம் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்.”

ஏழுமலை அவரை அடிக்கப் போனான். நான்தான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். பர்மனென்ட் என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு சக்தி.

ஏர் ஹோஸால் என்னை ஊதினார்கள். முகம் ஓரளவு தெரிந்தது. பழைய சட்டைக்கு மேலேயே புது யூனிஃபார்ம் மாட்டி, பேன்ட்டுக்குள் செருகி, பெல்ட்டை இறுக்கினார்கள். யாருடையதோ ஒரு ஜோடிச் செருப்பு. இரண்டு சட்டைக்கும் நடுவே சாம்பல் அப்படியே இருந்தது. மேலே அகலம், இடுப்பில் குறுகல். இப்போது நானே ஹாப்பர்.

மேடையில் என் வாசகத்தை மைக்கில் வாசித்தார்கள். கைதட்டல். சிமெண்ட் அதிகாரி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நல்ல மனுஷன்போல இருக்கிறது. “சபாஷ்” என்று சொல்லி முதுகில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார்.

தட்டினால் கொட்டாத சாம்பல், ஆயுசில் முதல் தடவையாகத் தட்டிக் கொட்டியது. காலர் வழியாக மேகமாகக் கிளம்பியது. கை வழியாக ஊற்றியது. அதிகாரியின் முகம், மீசை, மூக்குக் கண்ணாடி எல்லாம் போய்விட்டது.

“என்னய்யா இது?” என்று இருமினார்.

“உழைப்பு சார்!” என்று முதலாளி எழுந்து கத்தினார். “கடின உழைப்பாளி சார்!”

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன். தொண்டையில் பாதிதான் குரல் இருந்தது.

“உழைப்பு இல்ல சார். காலையில ஹாப்பர்ல பொதைஞ்சிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவாம, இத முடிச்சிட்டுப் போலாம்னு நிறுத்தி வச்சிருக்காங்க.”

பந்தலில் இருந்த எல்லோரும் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். இனி எல்லாம் மாறிவிடும் என்று நான் நினைத்தேன். (அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.) அதிகாரி என் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மீசையைத் துடைத்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, “கை அலம்ப எங்க போகணும்?” என்றார்.

அலம்பிவிட்டு பிரியாணி சாப்பிட்டார். ஒப்பந்தமும் தந்தார்.

ஏழுமலை பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நிஜ டாக்டர் ஒருவர் என் முதுகில் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நான் தட்டியதை விட மெதுவாகத்தான் தட்டினார். “உள்ளே கொஞ்சம் தங்கிடுச்சு” என்றார். அவர் தீர்ப்பு முழுக்கச் சரி. இன்றுவரை அது வெளியே வரவில்லை.

எனக்கு வேலை போனது. காரணம் விபத்து இல்லை. விபத்துதான் நடக்கவே இல்லையே. விருந்தாளியை அவமதித்ததாகக் காரணம். மறுநாள் காலை போர்டில் எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதச் சொன்னது யாரிடம் தெரியுமா? என்னைத் தோண்டி எடுத்த அதே ஏழுமலையிடம். “சாக்பீஸ நாலா ஒடைச்சேன் மச்சான், அப்பறம் எழுதிட்டேன். வூட்ல புள்ள இருக்குதுல்ல” என்றான். அவனை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த எண் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறதாம். அதில் என் நாளும் ஒன்று.

இப்போது நகரியத்தில் பிளாக் பிளாக்காகத் தண்ணீர் கேன் போடுகிறேன். தண்ணீர் யோக்கியமான சரக்கு. கவிழ்த்தால் வந்துவிடும்.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் தட்டுவதில்லை. பவுடர் டப்பா அடைத்துக்கொண்டால்கூட நான் கையை ஓங்கினால் போதும், கலா உள்ளேயிருந்து, “ஏங்க, நின்னு யோசிங்க!” என்பாள். பனிக்காலத்தில் எனக்கு இருமல் கிளம்பும். கலா பதறி வந்து என் முதுகில் தட்டக் கையைத் தூக்குவாள். பள்ளிக்கூடம் போகிற மகள் அங்கிருந்து கத்துவாள்:

“தட்டாதம்மா, வூடு பூரா சாம்பலாயிடும்!”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தால் இருமல் இன்னும் கூடும்.