செவ்வரத்தைக்குக் கவ்வாத்து

பூச்சாடி மாற்றி நட்ட மறுநாளே செவ்வரத்தை, இராமர் பேச்சில் செம்பருத்தி, தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இராமர் மொட்டை மாடியில் அதைத் தண்ணீர்த் தாங்கியின் நிழலுக்கு இழுத்து வைத்தார்.

வெள்ளவத்தையில் அந்த ஐந்து மாடி பிளாட்ஸுக்கு அவர்தான் வாச்சர். படிக்கட்டின் கீழே படுக்க ஓர் அறை. நான்காம் மாடி ஜெயகுமார் செடியைக் கையில் கொடுக்கும்போதே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்: "அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து குடுத்துவிட்ட கண்டு. சித்திரை வருசத்துக்கு வாறா. வரேக்க இது பூத்து நிக்கோணும். இல்லாட்டி நீங்க வேற வேலை பாருங்கோ."

வேலை போனால் அறையும் போகும். தேயிலைத் தோட்டத்து லய அறைக்குத் திரும்பலாமென்றால், அங்கே தம்பி குடும்பமே கால் நீட்ட இடமில்லாமல் கிடந்தது.

ஜெயகுமாரின் மனைவி சுபோதினி மொட்டை மாடிக்கு வந்து பார்த்தாள்.

"தண்ணித் தாங்கிக்குப் பின்னால ஒளிச்சு வச்சா எப்பிடி இராமர்? வெயில் காணாது. நடுவில வையுங்கோ."

வைத்தார். கொங்கிரீட் கொதித்தது. இலைகள் அப்பளமாய்ச் சுருண்டன.

"பாவம், தாகம். வாளியோட ஊத்துங்கோ."

காலையும் மாலையும் ஊற்றினார். இலைகள் மஞ்சளடித்தன.

"அப்ப சத்துக் காணாது." அவளே யூரியாப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கஞ்சப்படாம அள்ளிப் போடுங்கோ."

போட்டார். இலைகள் கருகி, கடற்காற்றில் காலி வீதிப் பக்கம் பறந்தன.

"மேடம், செத்துரும் போல இருக்குங்க. அய்யா என்னைய விரட்டிருவாரு."

"சீ, உங்களில ஒரு பிழையும் இல்ல. நான் இவரோட கதைக்கிறன்." சிரித்தபடி இறங்கிப் போனாள்.

இப்படியொரு தங்கமான மனுசியா என்று இராமருக்குக் கண் கலங்கியது. ஆனால் ஜெயகுமார் தங்கமில்லையே.

இராமருக்கு வளர்க்கத் தெரிந்த ஒரே செடி தேயிலை. தேயிலை சோர்ந்தால் கவ்வாத்து வெட்டுவார்கள். ஈவிரக்கம் பார்க்காமல் முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். பூச்செடிக்கு யாராவது கவ்வாத்து வெட்டுவார்களா? இராமர் வெட்டினார். யூரியா மண்ணைக் கொட்டிப் புது மண் நிரப்பி, வெறுங்குச்சியை மறுபடி தாங்கியின் நிழலுக்குத் தள்ளினார். ஈரம் காயும்போது மட்டும் ஒரு கோப்பை தண்ணீர். மற்றபடி அந்தப் பக்கம் திரும்பவே பயம்.

கதை முடிந்ததென்று சுபோதினியும் மேலே வருவதை நிறுத்திவிட்டாள்.

குச்சி துளிர்த்தது. துளிர் கிளையானது. பங்குனிக் கடைசியில் மொட்டுகள் முட்டின. இராமர் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

வருசத்தன்று ஜெயகுமாரின் அம்மா, சுபோதினியின் மாமி, வந்திறங்கிய கையோடு மூவரும் மாடிக்கு வந்தார்கள். செவ்வரத்தை சிவந்து குலுங்கியது.

"அட, வெரி குட் இராமர்! உங்களை இனி ஒருத்தரும் அசைக்கேலாது!" என்றார் ஜெயகுமார்.

இராமர் கைகூப்பினார். "எல்லாம் மேடம் புண்ணியங்க. வெயிலு, தண்ணி, உரமுன்னு கூடவே நின்னு சொல்லித் தந்தாங்க."

சுபோதினி பேயைக் கண்டவள்போல் நின்றாள்.

மாமி பூவைத் தடவிக்கொண்டே மருமகளிடம் திரும்பினாள்: "'கண்டு கொழும்பில வேர் பிடிச்சா வந்து எங்களோடயே இருங்கோ மாமி' எண்டு நீதானே பிள்ளை சொன்னனீ, நான் ஊர் வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டெல்லோ வந்தனான்!"