இருபத்தைந்து நிமிட இரங்கலுரை

பாராட்டுக்கு அலைகிறவன் செத்த வீட்டையும் விட்டுவைக்க மாட்டான். யாரையோ பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

முருங்கனில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், மன்னார்த் தீவில் எங்கள் பக்கத்துச் செத்த வீடுகளில் இரங்கலுரை ஆற்றுவது என் வேலையாகிப்போனது. (யாரும் தந்த வேலையல்ல, நானே எடுத்துக்கொண்டது.) நோயாளியைப் பார்க்கப் போகும்போதே உரையின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கிவிடும். எங்கள் தீவின் தாராபுரத்து மீன் வியாபாரி ஹனீபா ஒருமுறை, "மாஸ்டர், உங்கட பேச்சைக் கேட்டா எனக்கே செத்துப்போகலாம் போல கிடக்கு" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு என் தம்பி அந்தோனி இறந்தான்.

அவனுடைய ஒரே மகள் ஜெனிற்றா கனடாவில். விசா அலுவல் முடியாததால் அவளால் வர முடியவில்லை. இப்போது இங்கே பந்தல் போடுகிறவர்களுக்கு முன்பே வீடியோக்காரர் வந்துவிடுகிறார். வெளிநாட்டில் இருப்பவர்கள் கைபேசியைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். அன்று காலையிலிருந்தே இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. பிற்பகல், பெட்டி மூட அரை மணி நேரம் இருக்கையில்தான் படம் தெளிவாக விழுந்தது. தம்பியின் மனைவி றோசலின் வீடியோக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி, மூடுமட்டும் அவரின்ர முகத்தையே காட்டிக்கொண்டிருங்கோ. பிள்ளை இன்னும் பாக்கேல்லை."

பிறகு என்னிடம், "அத்தான், நீங்கள் கால்மாட்டில நிண்டு ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்றாள்.

கால்மாட்டில் நின்றால் படத்தில் நான் பாதிதான் தெரிவேன். கனடா, லண்டன், பாரிஸ் எல்லாம் பார்க்கிற நேரம். மெல்லத் தலைமாட்டுக்கு நகர்ந்தேன். தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனத்துக்குள் அசைக்க இடமில்லாமல் முக்காலியில் நின்ற கமராவுக்கு முன்னால் நின்று தொடங்கினேன்.

வீடியோக்காரர் கையை ஒரு பக்கமாக வீசினார். படத்தை அகலமாக்குகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன். றோசலின் தலையில் கை வைத்தாள். என் சொற்கள் அவளை உருக்கிவிட்டன என்று குரலை உயர்த்தினேன். கடைசியில் ஹனீபா கதிரையிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். ஆறுதல் சொல்ல வந்தவர் என்று எண்ணி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே உரையின் அடுத்த பந்திக்குப் போனேன். (பாவம், அவரும் ஐந்து நிமிடம் கனடாவில் தெரிந்தார்.)

இருபத்தைந்து நிமிடம். முடித்ததும் பங்குச் சுவாமி அவசரமாகச் செபித்தார். அடுத்த ஊரில் அவருக்குப் பூசை. மூடியை வைத்துப் பூட்டினார்கள். அப்போதுதான் றோசலினின் கைபேசியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அம்மா, பெரியப்பா விலகிட்டாரோ? அப்பாவைக் காட்டுங்கோ."

"மூடியாச்சு பிள்ளை."

திறக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அவ்வளவு நேரம் பேசிய எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. சொன்னால் தம்பியின் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவன் நான்தான் என்று சனத்துக்குத் தெரிந்துவிடுமே என்று யோசித்தேன். சனத்துக்கு அது முதல் நிமிடத்திலிருந்தே தெரியும். நான் யோசித்து முடிப்பதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

எட்டாம் நாள் ஜெனிற்றாவை அழைத்து, மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "பரவாயில்லை பெரியப்பா. நீங்கள் நல்லாக் கதைச்சீங்கள் எண்டு இங்க எல்லாரும் சொன்னவை" என்றாள்.

வாழ்நாள் முழுவதும் நான் கேட்க அலைந்த வார்த்தை அது. அதற்குப் பிறகு எவருடைய பாராட்டையும் நான் தேடவில்லை. அதை ஞானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுட்டுக்கொண்ட கை அடுப்புப் பக்கம் போகாது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் கலியாணமோ ஞானஸ்நானமோ, படம் எடுக்க ஆயத்தமானால் யாராவது ஒருவர், "பெரியப்பா, அங்கால" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு விலகி நிற்பேன். றோசலின் மட்டும் சிரிப்பதில்லை. படம் எடுத்து முடியும்வரை கீழே பார்த்துக்கொண்டிருப்பாள்.