பரவாயில்லைக்காரர்கள் பஸ் ஏறும் விதம்

பரவாயில்லைக்காரர் என்று ஒரு மனித இனம் உண்டு. இங்கிலாந்தில் எங்கள் யார்க்ஷயர் பக்கம் தடுக்கி விழுந்தால் அவர்கள் மேல்தான் விழுவீர்கள். எழுந்து பார்த்தால் அவர்களுக்குத்தான் அடிபட்டிருக்கும். கேட்டால், “பரவாயில்லை” என்பார்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கிறீர்களா? நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஏணி, ஒரு வாளி, ஒரு துணியோடு ஜன்னல் கழுவக் கிளம்பி, பதினொரு வேனுக்கு முதலாளியாக ஓய்வு பெற்றவன். நாற்பத்தாறு வருஷம் எங்கள் ஊரான பார்ன்ஸ்லி ஜனங்களை அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். மனிதர்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த பேராசிரியர் இருந்தால் வரச்சொல்லுங்கள், ஏணியை நான் பிடிக்கிறேன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். புயலில் கூரை பறந்துபோனால் “நல்ல காத்தோட்டம்” என்பார்கள், கால் முறிந்தால் “லேசா ஒரு பிடிப்பு” என்பார்கள், மூன்று வாரம் காத்திருந்து டாக்டரைப் பார்க்கப் போய், “எப்படி இருக்கீங்க?” என்று அவர் கேட்டதும், “நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க எப்படி இருக்கீங்க?” என்று விசாரித்து, அவருடைய முதுகுவலிக்கு ஒரு வைத்தியமும் சொல்லிவிட்டு, தன் வியாதியை மறுபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். மழையைத் திட்டுவார்கள். கால்பந்து அணியைத் திட்டுவார்கள். தன்னைப் பற்றி ஒரு குறை? நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்த இனத்தின் மகாராணி என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பெயர் கிளெனிஸ் ஓல்ட்ராய்ட், வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்ட கை. மூன்று வருஷமாக அவரால் தனியாகப் பஸ் ஏற முடியவில்லை. கதவு மூடினதும் நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப்போகும், எங்கே இறங்க வேண்டும் என்பதே மறந்துபோகும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும். மூன்றாம் மாடி உயரத்தில், ஏணி உச்சியில், கால் என் பேச்சைக் கேட்காமல் நின்ற நாள் எனக்கு உண்டு. அப்போது புத்திமதி சொன்னவன் எவனும் எனக்கு உதவவில்லை. தோளைப் பிடித்து இறக்கியவன்தான் உதவினான்.

கிளெனிஸின் அக்கா வினிஃப்ரெட், பக்கவாதம் வந்து பக்கத்து ஊரான வேக்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பாதியில் இறங்கி, மறுபடி ஏறி, எப்படியோ வியாழக்கிழமை தோறும் போய்வந்த கிளெனிஸ் ஐந்து மாதமாக அதுவும் முடியாமல் போகவில்லை. நான் கூட்டிப்போகிறேன் என்றால், “உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?” என்பார். தானமாக ஒருவர் வண்டியில் ஏற மாட்டார்; கூலி கொடுத்துத் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளக் கையில் வசதியில்லை. மனக்கோளாறால் தனியாகப் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்தால்தான் அக்கா முகத்தைப் பார்க்கலாம்.

நாற்பது பக்கப் படிவம் வந்தது. பயணம் போவதில் என்ன சிரமம் என்று கேட்ட இடத்தில், “சில நாள் கொஞ்சம் கஷ்டம்” என்று எழுதினார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அதில், “உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி” என்று எழுதினார்.

பிறகு ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்தார். மதிப்பிட வந்தவரை இந்த அம்மாள் எப்படி வரவேற்றார் தெரியுமா? நல்ல உடுப்பை உடுத்தி, முடியைச் சுருட்டிவிட்டு, இஞ்சி கேக் சுட்டு வைத்து, “பயணக் களைப்பா இருக்குமே, உக்காருங்க” என்று உபசரித்திருக்கிறார். அறிக்கை வந்தது: நேர்த்தியான தோற்றம், முகம் பார்த்துப் பேசுகிறார், தேநீர் தந்தார், பதற்றம் ஏதும் தென்படவில்லை. சிரமத்துக்குப் போட்ட மதிப்பெண் பூஜ்யம். மறுபரிசீலனை கேட்டோம். மறுபடியும் பூஜ்யம்.

“இந்த விஷயத்தை என்கிட்ட விடு கண்ணு” என்றேன். மேல்முறையீட்டு மன்றத்துக்கு எழுதிப் போட்டது நான்தான், எழுத்துப் பிழைகளோடு. விசாரணைக்கு முந்தின வாரம் என் சமையலறையில் ஒத்திகை நடந்தது.

“நான்தான் நீதிபதின்னு வச்சுக்க. பஸ்ல போறது எப்படி இருக்கு?”

“கொஞ்சம் சங்கடந்தான்.”

“கொஞ்சமா! போன மாசம் அரை மணி நேரம் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னியே?”

“நல்ல உறுதியான கம்பம், நார்மன்.”

“கம்பத்துக்கா உதவித்தொகை கேக்குறோம்?”

“என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க…”

“இருக்கட்டும். அவங்க படிவத்தை அவங்க நிரப்பட்டும்!”

பதினொரு வேன் ஓட்டுநர்களை மேய்த்தவன் நான். இந்த ஒரு பெண்மணியைக் குறை சொல்ல வைக்க என்னால் முடியவில்லை.

விசாரணை நாளும் வந்தது. அரசாங்கம் கூப்பிட்டதாயிற்றே என்று அன்றைக்கு மட்டும் என் வண்டியில் ஏறச் சம்மதித்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: நீதிபதியம்மா, ஒரு டாக்டர், கோப்போடு இன்னொருவர். நீதிபதியம்மா கேட்ட முதல் கேள்வியே வலை.

“இன்னைக்கு எப்படி வந்து சேந்தீங்க, கிளெனிஸ்?”

“சௌகரியமா வந்தோம், ரொம்ப நன்றி.”

சௌகரியமாம்! நான் துள்ளி எழுந்தேன். “அம்மா, நடந்தது என்னன்னா…”

“ஐயா, நீங்க உக்காருங்க. உங்களைக் கேக்கும்போது சொல்லலாம்.”

என்னை ஒருவர் உட்காரச் சொல்லி நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். போச்சு, ஐந்து மாதம் ஐந்து வருஷமாகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது நீதிபதியம்மா கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணமாக, “இருபத்தஞ்சு நிமிஷம் தாமதமா ஆரம்பிச்சோம்னு குறிச்சுக்குங்க” என்றார்.

தாமதம்! எங்கள் ஊரில் அதைவிடக் கொலைகூடச் சின்னக் குற்றம். கிளெனிஸின் முகம் சிவந்தது. குறை சொல்ல வராத நாக்கு மன்னிப்புக் கேட்க அவிழ்ந்துகொண்டது.

“மன்னிச்சுக்குங்கம்மா, தப்பு பூரா என்னோடது. நார்மன் ரெண்டு மணி நேரம் முந்தியே கிளம்பிட்டாரு. முதல் ரவுண்டானாவுலயே எனக்கு மூச்சு முட்டிப்போச்சு, வண்டியைத் திருப்பச் சொன்னேன். மறுபடி கிளம்பி மறுபடியும் திருப்பச் சொன்னேன். அப்புறம் கோட்டைத் தலையோட போத்திக்கிட்டு வந்தேன், பாவம், மூட்டையை ஏத்திக்கிட்டு வந்த மாதிரி இருந்திருக்கும் அவருக்கு. அவரோட புது வாளியில வாந்தி வேற எடுத்துட்டேன். மன்னிச்சுருங்க நார்மன். போன மாசம் பஸ்ஸை நடுவழியில நிறுத்தினேன், அந்த டிரைவர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். எங்க அக்காகிட்ட அஞ்சு மாசமா சளி, சளின்னு பொய் சொல்றேன். வாசல் வரைக்கும் போவேம்மா. சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன். அதுக்கு மேல கால் வராது. அவ ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டுக் காத்துக்கிட்டிருப்பா…”

டாக்டரின் பேனா நிற்கவே இல்லை.

“இன்னைக்குத் தனியா வரணும்னா வந்திருப்பீங்களா?” என்று கேட்டார்.

“வந்திருக்கவே மாட்டேன் டாக்டர். அதுக்கும் மன்னிக்கணும்.”

எங்களை வெளியே அனுப்பிப் பத்தே நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். துணை இல்லாமல் அவரால் பயணம் செய்ய முடியாது என்பதை ஒத்துக்கொள்வதாக நீதிபதியம்மா சொன்னார். உதவித்தொகை உண்டு.

“உங்களுக்கெல்லாம் வீண் சிரமம்” என்றார் கிளெனிஸ். டாக்டர் கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். வாதாடி ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அழுது ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டே ஜெயித்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

உதவித்தொகை வந்த முதல் வியாழக்கிழமை. ஒரு டாக்சிக்காரரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். இந்தத் தடவை என்னை விருந்தாளியாக ஏற்றிக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடி என் கையைப் பிடித்தவர் வேக்ஃபீல்டு வரை விடவில்லை. என் விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. வினிஃப்ரெட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியாடி! சளி போச்சா? வழியெல்லாம் எப்படி இருந்துச்சு?”

கிளெனிஸ் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“படுமோசம்க்கா. செத்துப்போயிருவேன்னு நினைச்சேன். சளியெல்லாம் இல்ல. பயம்.”

வினிஃப்ரெட் வாதம் தாக்காத கையை நீட்டித் தங்கையின் முழங்காலைத் தட்டினார்.

“எனக்கும் இங்க படுமோசந்தான்டி. சூப்பு தண்ணி மாதிரி இருக்கு, பக்கத்துக் கட்டில்காரி ராத்திரி பூரா பாடறா. அஞ்சு மாசமா எல்லார்கிட்டயும் பரவாயில்லைன்னு சொல்லிச் சொல்லித் தாடை வலிக்குது.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று நர்ஸ் ஓடி வந்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. இன்று காலை உங்களையும் யாராவது “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் சொன்ன பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே உண்மையை எழுதுங்கள். என்ன, பேனா நிற்கிறதா? “நமக்கென்ன அப்படிப் பெரிய கஷ்டம்” என்று யோசிக்கிறீர்களா? அசையாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.