தீனதயாளன் அய்யா வீட்டு நீர்க்கசிவு

நல்லாட்சி என்று ஒன்று உலகில் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் கள்ளக்குறிச்சி வரை ஒரு நடை வந்துபோகலாம். வந்தால், எங்கள் அதிகாரி திரு. தீனதயாளன் அவர்கள் தமது படுக்கையறையில் ஒழுகிய ஏ.சி.யைப் பதினோரே நாளில் சரிசெய்து முடித்த வரலாற்றை நானே உட்கார வைத்துச் சொல்வேன். அதில் எனக்கும் சிறு பங்கு உண்டு. தன்னடக்கம் கருதி அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் சொல்லாமலும் விடமாட்டேன்.

நான் அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மக்கள் சான்று கேட்டு வருவார்கள். நாங்கள் 'நாளைக்கு வாங்க' என்போம். இதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகம் என்று யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

அது 2021-ஆம் ஆண்டின் தொடக்கம். இட ஒதுக்கீட்டில் எங்களுக்கு இத்தனை சதவீதம் தனியாக வேண்டும் என்று ஒரு தரப்பும், அப்படிக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு எத்தனை மிஞ்சும் என்று இன்னொரு தரப்பும் ஊர் ஊராக ஊர்வலம் போய் மனுக் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்கள். யார் கேட்டது யாருக்குக் கிடைத்தாலும் கையில் சாதிச் சான்று இருந்தால்தான் உதவும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே சான்று கேட்கும் விண்ணப்பங்களும் அலுவலகத்தில் ஆளுயரத்துக்கு ஏறிவிட்டன.

ஒருநாள் காலை, அலுவலகத்தை முற்றுகையிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதிகாரி கலங்கவில்லை. "நம்ம உயிர் போனாலும் பரவால்லய்யா, மனுவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. எல்லாத்தையும் மூட்டை கட்டி நம்ம வூட்டுல எறக்கு" என்று உத்தரவிட்டார். உயிரையும் மனுக்களையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் வீடு போய்ச் சேர்ந்தார். முற்றுகை நடக்கவில்லை. மூட்டைகளும் திரும்பவில்லை.

அவற்றை அவர் வைத்திருந்த இடம் படுக்கையறை, ஏ.சி.க்கு நேர் கீழே. அவர் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குபவர். மனுக்களை ஆறப்போடுவது எங்கள் துறையின் நெடுநாள் கொள்கை. அதை ஏ.சி. போட்டுச் செய்தவர் எங்கள் அய்யா ஒருவர்தான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஏ.சி. ஒழுக ஆரம்பித்தது. முதல் சொட்டு அய்யாவின் மூக்கில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். நான் உடனே 'அவசர ஆய்வுக் கூட்டம்' கூட்டினேன்.

கூட்டத்துக்குப் பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளரும் வந்திருந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவர் தெளிவாகப் பேசினார்.

"ஏ.சி.ங்கிறது கரண்டு. ஒழுகுறது தண்ணி. ஒழுகுற எடம் செவுரு. மூணும் மூணு பிரிவுங்க. மூணு பேரும் கூட்டா வந்து பாத்தாத்தான் செல்லும்."

"எப்ப வருவீங்க?" என்றார் அய்யா.

"மூணு பேருக்கும் லெட்டர் வந்த பின்னால."

"லெட்டர் யார் அனுப்பணும்?"

"அதைத்தாங்க மொதல்ல முடிவு பண்ணணும்."

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். "அய்யா, எந்த மூலையில ஒழுகுதுங்க?"

"வடகிழக்கு."

"ஈசானிய மூலைங்க. அங்க தண்ணி நின்னா யோகம்னு சொல்லுவாங்க. எதுக்கும் ரெண்டு நாள் வுட்டுப் பாக்கலாம்."

அய்யாவின் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

யோகம் வந்ததோ இல்லையோ, தண்ணீர் வந்தது. அலுவலக உதவியாளர் பச்சமுத்துவுக்கு 'வாளிப் பணி' ஒதுக்கி ஆணை போட்டேன். அவர் வாளி நிறையும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்ததும், யார் ஊற்ற வேண்டும் என்று ஆணையில் இல்லை என்பதால் மேலும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையில் திருத்தம் போடுவதற்குள் தண்ணீர் கூடத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. அப்போது எனக்கொரு யோசனை தோன்றியது. மனு மூட்டைகளை வரிசையாக அறை வாசற்படி ஓரம் அடுக்கிக் கரை கட்டச் சொன்னேன். கூடம் தப்பியது. மனுக்கள் பொதுப்பயன்பாட்டுக்கு வந்ததில்லை என்று இனி ஒருவர் சொல்ல முடியுமா?

அய்யாவின் மனைவி செந்தமிழ்ச்செல்வி அம்மா மட்டும் முதல் நாளிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"தண்ணி போற பைப்பு எங்கனா அடைச்சிக்கினு இருக்கும். ஒரு மெக்கானிக்க கூப்புட்டா அர மணி நேரத்துல வேல முடிஞ்சிடும். அத்த வுட்டுட்டு மீட்டிங் போட்டுக்கினு கீறீங்க."

கூட்டக் குறிப்பில் இதைப் பதியவில்லை. அம்மாவுக்குப் பதவி எதுவும் கிடையாது.

பதினோராம் நாள் அம்மா, கோப்பு எண் கூட இல்லாமல், அடுப்படியிலிருந்தே தொலைபேசியில் ஒரு கடையைக் கூப்பிட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. தோளில் பையும் கையில் காற்றடிக்கும் கருவியுமாக ஒரு பெண் உள்ளே வந்தார்.

"மெக்கானிக் வரலியாம்மா?" என்றார் அய்யா.

"நாந்தாங்க. செவ்வந்தி. பஸ் ஸ்டாண்டு கிட்ட கடை. சொந்த ஊரு மலைமேல, கரியாலூர்."

அய்யா என்னைப் பார்த்தார். "லேடீஸ் ஏ.சி. பாக்கலாமாய்யா?"

"தடைன்னு எதுவும் இல்லைங்க. அனுமதின்னும் எதுவும் இல்லைங்க."

நாங்கள் இதை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஏ.சி.யின் முகப்பைக் கழற்றிவிட்டார். உள்ளேயிருந்த வலைத்தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.

"இத்த எப்ப கழுவுனீங்க?"

"கழுவணுமா?" என்றார் அய்யா, உண்மையான வியப்போடு.

வலைத்தட்டை அம்மா வாங்கிக் கழுவப் போனார். செவ்வந்தி ஒரு குவளைத் தண்ணீரை உள்தட்டில் ஊற்றிப் பார்த்தார். அது வெளியே போகாமல் அப்படியே திரும்பி வழிந்தது. இறங்கி வீட்டுக்கு வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பழைய வேட்டித் துணி உருண்டையும் சைக்கிள் டியூப் துண்டும் இருந்தன.

"பைப்பு வாய்ல இத்த வச்சி அடைச்சி, டியூப் போட்டு இறுக்கிக் கட்டிக்கீறாங்க. யாரு கட்டுனது?"

பச்சமுத்து விட்டத்தைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், அய்யாவைப் பார்த்தார்.

"புதுக் காரு மேல சொட்டுதுன்னு அய்யா தாங்க... ஒரு சொட்டு வெளிய வரக் கூடாதுன்னு சொன்னாருங்க."

செவ்வந்தி சிரிக்கவில்லை. "தண்ணி எங்கனா போயித்தானங்க ஆவணும். வெளிய வுடலன்னா உள்ள வரும்" என்று மட்டும் சொன்னார்.

சிலர் இதை நிர்வாகத் தவறு என்பார்கள். இல்லை. வெளியே சொட்டக் கூடாது என்று அய்யா ஆணையிட்டார். வெளியே சொட்டவில்லை. ஆணை நூற்றுக்கு நூறு நிறைவேறியது.

குழாயை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, முகப்பை மாட்டும் முன் தரையைத் துடைக்கலாம் என்று அவர் வாசற்படி மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். நனைந்த ஒரு மூட்டை கட்டு விட்டுத் தரையில் சரிந்தது. பொறுக்கிக்கொண்டிருந்தவர் ஒரு கோப்பைக் கையில் எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் மேலே ஒட்டியிருந்த புகைப்படத்தில் மை இறங்கி ஒரு கன்னம் நீலமாகியிருந்தது. மறு கன்னத்தை வைத்து நானும் அடையாளம் கண்டுகொண்டேன். அவரேதான்.

"இது என்னுதுங்க" என்றார்.

அவர் பழங்குடிச் சான்றுக்கு விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கோப்புக்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு தாளை இரண்டு விரலால் மெல்லப் பிரித்தெடுத்தார்.

"எங்கப்பா சான்று. நகல் செல்லாது, அசலத்தான் வெக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

இது என்னைப் பார்த்துச் சொன்னது. விதியை நான் சரியாகச் சொல்லியிருந்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"அப்பா செத்துப்போயிட்டாரு. அவரு பேர்ல கீற காயிதம் இது ஒண்ணுதான்" என்றார். தாளைத் தம் துப்பட்டாவில் ஒற்றினார். முத்திரை கலங்கியிருந்தது. எண் மட்டும் படிக்கும்படி இருந்தது.

அய்யாதான் முதலில் சமாளித்தார். "வருத்தப்படாதம்மா. உன் மனுவ நான் எங்க வச்சிருந்தேன் பாரு. என் பெட்ரூம்ல. என் மச்சான் கூட இந்த ரூம்ல தங்குனது கெடையாது."

"நாளன்னிக்குக் கடைசி நாளுங்க. தொழிற்பயிற்சி நிலையத்துல வாத்தியார் வேலைக்குப் போடணும். இந்தச் சான்று இல்லன்னா போட முடியாது."

"விசாரணையெல்லாம் முடியணுமில்ல?"

நான் கோப்பைப் புரட்டினேன். கீழ்நிலை விசாரணைகள் எல்லாம் முடிந்து, 'வழங்கலாம்' என்று பரிந்துரையும் வந்து, ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் அய்யா தம் கையால் எனக்கு 'பேசுக' என்று குறிப்பு எழுதியிருந்தார். நானும் அவரும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். இதைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

"சரிம்மா, பாக்கலாம். நீ மொதல்ல அந்த மூடிய மாட்டு. வேர்க்குது" என்றார் அய்யா.

செவ்வந்தி முகப்பை மடியில் வைத்துக்கொண்டார். மாட்டவில்லை.

"மாட்டலாங்க. அதுக்கு முன்ன விசாரிக்கணும். இது ஏ.சி.தானாங்க?"

"என்னம்மா கேள்வி இது? பாத்தா தெரியல?"

"பாத்தா தெரியுதுன்னு எழுத முடியாதுன்னு எங்கிட்ட சொன்னாங்களே. இதுக்கு முன்ன உங்க வூட்டுல ஏ.சி. இருந்திச்சா? உங்கப்பா காலத்துல? தாத்தா காலத்துல?"

"எங்க தாத்தா மூங்கில்துறைப்பட்டுல கரும்பு வெட்டுனாரு. அவருக்கேதும்மா ஏ.சி.?"

"அப்போ பரம்பரையா இல்ல. சந்தேகமாத்தான் கீது. இந்த ஏ.சி. எப்பிடி ஓடும்னு சத்தம் போட்டுக் காட்டுங்க."

"நான் எதுக்கும்மா சத்தம் போடணும்?"

"என்னையப் பாடச் சொன்னாங்களே. மலை ஆளுங்கன்னா மலைப்பாட்டு தெரிஞ்சிருக்கணும், பாடிக் காட்டுன்னாங்க. ஆபீசு வாசல்ல அம்பது பேர் நிக்க நின்னு பாடுனேன். ரெண்டாவது பாட்டு தெரியுமான்னாங்க."

பாடச் சொன்னவன் நான்தான். கலை வளர்ச்சியில் எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. இரண்டாவது பாட்டு அவர் பாடவில்லை. அதையும் கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று நேர்மையாகக் குறித்திருந்தேன்.

அய்யாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் அம்மாவைப் பார்த்தார். கழுவிய வலைத்தட்டோடு கதவோரம் நின்றிருந்த அம்மா அதைக் கொடுக்கவில்லை.

"இன்னா என்னையப் பாக்குறீங்க? கேட்டதுக்குச் சத்தம் போட்டுக் காட்டுங்க. இல்லாங்காட்டி அந்தப் பொண்ணுக்குச் செய்ய வேண்டியதச் செய்யுங்க" என்றார். "பாட வச்சிக்கீறீங்களே, வெக்கமா இல்ல?"

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் அதிகாரியின் மனமும் கசிந்தது. மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் வைத்து, கோப்பு எண்ணைத் தட்டி, ஒப்புதல் கொடுத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்த நேரத்தையும் சேர்த்து நான்கு நிமிடம். பதினான்கு மாத வேலையை நான்கு நிமிடத்தில் முடிக்கக்கூடியவர் என்பது அதுவரை அவருக்கே தெரியாது.

செவ்வந்தி கைப்பேசியில் சான்று வந்ததை இரண்டு முறை பார்த்தார். பிறகு வேலையைக் குறையில்லாமல் முடித்தார். வலைத்தட்டைப் பொருத்தி, முகப்பை மாட்டி, வெளிக்குழாயை நீட்டி, தண்ணீர் காரின் மேல் விழாமல் செம்பருத்திச் செடிக்குப் போகும்படி திருப்பிவிட்டார். அதற்கு ஒரு முழக் குழாய்தான் தேவைப்பட்டது. அப்பாவின் தாளை ஏ.சி. காற்றில் காட்டி, ஈரம் போகும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா கொடுத்த காபியையும் நின்றபடியே குடித்தார். அய்யாவிடம் நன்றி சொல்லவில்லை. சொல்வார் என்று நான் சற்று நேரம் எதிர்பார்த்தேன்.

பிறகு அவர் தேர்வெழுதி, இன்று வேறொரு மாவட்டத்தில் ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் கற்றுக்கொடுக்கிறார். நாங்கள் சும்மா இருக்கவில்லை. 'மனுதாரரை இல்லத்துக்கே வரவழைத்து ஒரே அமர்வில் சான்று வழங்கிய முன்னோடித் திட்டம்' என்று நான் அறிக்கை எழுதினேன். அதற்காக அய்யாவுக்குச் சுதந்திர தினத்தன்று நற்சான்றிதழ் கிடைத்தது. விண்ணப்பித்த மறுவாரமே வந்துவிட்டது.

மற்ற மூட்டைகளைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அவை நன்றாகவே இருக்கின்றன. ஒழுகல் நின்றுவிட்டதால் காய்ந்தும்விட்டன. இருநூற்றுப் பதினான்கு பேர் இன்னும் அலுவலகத்துக்கு வந்துபோகிறார்கள். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்து, எங்களுக்கு எப்போது கிடைக்கும் என்கிறார்கள். நான் என்ன செய்ய? ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டேன். ஒருவருக்குக்கூட ஏ.சி. ரிப்பேர் தெரியவில்லை.